தொப்பி தின்ற கேக்

குண்டசாலையில் அந்தக் குறுக்கு வீதியில் இருக்கிற பதினான்கு வீட்டுக்காரர்களுக்கும் தொப்பியைத் தெரியும். உடம்பெல்லாம் வெள்ளை, உச்சந்தலையில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அதனால்தான் றலியா தன் பூனைக்குத் தொப்பி என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தவள் மீன் தலையும் வாங்கி வைத்தாள். அது மீன் தலையைக் கடமைக்கு இரண்டு கடி கடித்துவிட்டு, பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டு மதில் ஏறிப் போய்விடும். அவித்த கடலை தின்னும். வெள்ளரிக்காய் வெட்டினால் பலகைக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொள்ளும். கலியாண வீட்டுப் பிரியாணி வந்தால் இறைச்சியை ஒதுக்கிவிட்டு, நெய்யில் பொரித்த பிளம்ஸை, அதுதான் அந்தக் காய்ந்த திராட்சையை, ஒவ்வொன்றாகப் பொறுக்கும். தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்துக்கு அது படுகிற பாட்டைப் பார்த்தால் பூனையாகப் பிறந்தது ஏதோ பதிவுப் பிழை என்றுதான் தோன்றும்.

பூனை தின்னக்கூடாதது என்று ஒன்று உண்டு என்பது அந்த வீதியில் யாருக்கும் உறைக்கவில்லை. ஆசையாகத் தின்கிற வாயைக் கண்டால் யாருக்குத்தான் போடாமல் இருக்க முடியும்? எல்லோரும் போட்டார்கள். அதிகமாகப் போட்டது மதிலுக்கு இந்தப் பக்கத்து டொரதிதான்.

டொரதி கண்டியில் ஒரு பாடசாலைக் கந்தோரில் கிளார்க். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, மனுவேலைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தவள். மனுவேல் கம்பளை ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷத்துக்கு முன்பு றலியாவும் அவள் புருஷன் ரஸீனும் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து டொரதி வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் இரண்டு தட்டில் வேகும். ஒன்று வழக்கமானது: பிளம்ஸும் இஞ்சிப்பாகும் கஜுப் பருப்பும் பிராண்டியில் ஊறி, வெந்து இறக்கியபின் மேலேயும் பிராண்டி பூசி, துண்டுபோட்டுச் சிவப்புத் தாளில் சுற்றுவது. மற்றது றலியா வீட்டுக்கு. அதில் பழங்கள் தேனிலும் தோடம்பழச் சாற்றிலும் ஊறும். சட்டி வேறு, கரண்டி வேறு, தட்டு வேறு. துண்டுகள் பச்சைத் தாளில் போகும்.

இது வெறும் கேக் இல்லை. திகனவில் முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய அந்தக் கிழமை, றலியாவும் ரஸீனும் மூன்று நாள் டொரதி வீட்டுப் பின்னறையில் விளக்குப் போடாமல் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறில் முஸ்லிம் பெயர் கொண்ட சிலர் கிறிஸ்தவக் கோவில்களில் குண்டு வெடிக்கவைத்தார்கள். தான் செய்யாத குற்றத்துக்கு வெட்கப்பட்டு, றலியா மாதக்கணக்கில் மதில் பக்கம் தலைகாட்டவில்லை. டொரதிக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்த டிசம்பரில் பச்சைத்தாள் தட்டு மதிலுக்கு மேலால் போனபோதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அழுதார்கள். அதற்குப்பிறகு அந்தத் தட்டு ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

இந்த வருஷமும் தவறவில்லை. கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருக்கிறபோது, திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பன்னிரண்டு துண்டும் றலியா கைக்குப் போய்விட்டன. பத்து மணிக்கு மனுவேல் தேநீரோடு ஒரு சிவப்புத்தாள் துண்டைப் பிரித்துக் கடித்தார்.

"இந்த வருஷம் நல்லா ஊறியிருக்கு. ரெண்டு தட்டுக்கும் தாராளமா பூசிவிட்டேன்ல."

டொரதி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ரெண்டு தட்டுக்குமா?"

"மேசையில ரெண்டும் இருந்துச்சே. நீ நேத்து பூசைக்குப் போயிட்ட. நான்தானே வருஷா வருஷம் பூசுறேன்."

உண்மைதான். கிறிஸ்மஸ் வேலையில் மனுவேலுக்கு ஒதுக்கிய வேலை அந்த ஒன்றுதான், அதையும் அவர் பெரிய சமையல்காரர் தோரணையில் செய்வார். ஆனால் மற்ற வருஷங்களில் றலியா வீட்டுத் தட்டு அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். இந்த வருஷம் மழைக்கு அலுமாரிக்குள் எறும்பு புகுந்துவிட்டதால் டொரதி இரண்டு தட்டையும் மேசையில், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்திருந்தாள். தாளில் சுற்றும்போது மணத்தையாவது பிடித்திருக்கலாம். ஒரு கிழமையாகத் தடிமன், மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலை. வீடும் முழுக்கப் பிராண்டி வாசம்தான்.

டொரதி கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்னா காரியம் பண்ணிட்டீங்க. அது றலியா வீட்டுது."

மனுவேல் வாயிலிருந்ததை விழுங்க மறந்துபோனார். "அய்யோ. அனுப்பிட்டியா?"

"எட்டரைக்கே அனுப்பிட்டேன்."

"போயி சொல்லிருவோம் டொரதி. வேணும்னேவா செஞ்சோம்? கை தவறுனதுதானே."

"என்னான்னு சொல்றது? ஒங்க வீட்டுக்கு சாராயம் அனுப்பிட்டோம்னா? வெளிய தெரிஞ்சா என்னா பேசுவாங்க? ஆத்தாடி, எனக்கு கை காலு ஓடல."

திங்கட்கிழமை றலியாவும் ரஸீனும் நோன்பு பிடிப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்திவரைக்கும் அந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். போய்த் திருப்பி வாங்கிக்கொண்டால் முடிந்தது கதை. யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. டொரதி செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

றலியா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா, மூச்சு வாங்குது?"

"அந்தக் கேக்கைக் கொஞ்சம் திருப்பித் தாங்க றலியா. பேக்கிங் பவுடர் கூடிப்போச்சு. தின்னா வயிறு கெட்டுப்போகும். நான் வேற சுட்டுத் தாறேன்."

பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று டொரதிக்கே ஆச்சரியம். றலியா சிரித்தாள்.

"அதுக்கா இந்த ஓட்டம்? நாங்க நோன்புதானே. யாரும் தொடல்ல. மேசைல மூடி வெச்சீக்கி, வாங்க."

மேசையில் தட்டு இருந்தது. மூடி நிலத்தில் கிடந்தது. பச்சைத் தாள்கள் கிழிந்து, நக்கப்பட்டு, அறை முழுக்கச் சிதறியிருந்தன. நான்கு துண்டைக் காணவில்லை.

"தொப்பி! கள்ளப் பய! இன்டக்கி உனக்கு ஈக்கி!" என்று றலியா குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். பட்டரும் முட்டை மஞ்சள் கருவும் வழிய வழியப் போட்ட கேக்கைத் தொப்பி விட்டுவைக்கும் என்று நினைத்தவர்களைத்தான் திட்டவேண்டும்.

தொப்பி வெளியே வந்தது. நாலடி நடந்ததும் பின்னங்கால்கள் ஒருபக்கமாக வழுக்கிப் போயின. எழும்பி நின்றது, கதிரைக் காலில் போய் முட்டியது, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. வாயோரத்தில் எச்சில் கோடாக வழிந்தது. கண் இரண்டும் கறுத்து விரிந்து, யாரையும் பார்க்காமல் பார்த்தன.

"யா அல்லாஹ்!" றலியா அதைத் தூக்கினாள். தலை துவண்டு தொங்கியது. "அக்கா, என்ன இது? பேக்கிங் பவுடர் இப்பிடிச் செய்யுமா?"

என்ன செய்கிறது என்று அந்த வீட்டில் டொரதி ஒருத்திக்குத்தான் தெரியும். தோட்டத்தில் சம்பள நாளில் லயத்து வீட்டு வாசலில் விழுந்து கிடந்தவர்களை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். அதே கால், அதே கண்.

"சொல்லு, இப்பவே சொல்லு" என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. வாயோ, "டொக்டரைக் கூப்பிடுங்க" என்றது.

தொப்பிக்கு ஊசி போடுகிற மிருக வைத்தியர் ஞானேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியில் படித்து இங்கேயே கிளினிக் வைத்துவிட்டவர். தொலைபேசியில் றலியா சொன்னதைக் கேட்டுவிட்டு, "உடன கொண்டு வாங்கோ. பாலோ தண்ணியோ ஒண்டும் பருக்காதேங்கோ" என்றார்.

சந்தியில் நின்ற ராஜலிங்கத்தின் ஆட்டோவில் ஏறினார்கள். றலியாவின் மடியில் துவாயில் சுற்றிய தொப்பி. வீதியில் வாகனம் வாலும் தலையுமாக நின்றது. தென்னேகும்புரப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டோ ஒரு முழம் போவதும் நிற்பதுமாக இருந்தது. கிறிஸ்மஸ் சாமான் வாங்க ஊரே கிளம்பியிருந்தது. றலியா ஓதிக்கொண்டே பூனையின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.

"மூச்சு மெதுவாகிட்டு வருது அக்கா. வாயில ஒரு வாசம் வருது. என்ன வாசம் இது?"

றலியாவுக்குப் பிராண்டி வாசம் தெரியாது. நாற்பத்து மூன்று வயதுவரை அந்தப் போத்தலைப் பக்கத்தில் பார்த்திராதவள். தெரியாத ஒன்றைத் தெரிந்தவளிடம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

"எசன்ஸா இருக்கும்" என்றாள் டொரதி.

சொன்னவுடன் ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது. றலியா தலையாட்டிவிட்டு மறுபடி ஓதத் தொடங்கினாள். அந்தத் தலையாட்டலில் ஒரு துளி சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் டொரதிக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

போனை எடுத்து, பூனை கேக் தின்றால் என்ன ஆகும் என்று தட்டிப் பார்த்தாள். எழுத்துத் தப்பித் தப்பி விழுந்தது. வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, சொக்லேட் கூடாது, காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று வரிசையாக வந்தது. திராட்சை! ஒரு நொடி டொரதிக்கு நிம்மதியே வந்துவிட்டது. பூனைக்கு ஏதாவது ஆனால் பழி பிளம்ஸ் மேல் போகட்டும். பிளம்ஸ் பிரியாணியிலும் இருக்கிறது, றலியாவே எத்தனை தடவை போட்டிருக்கிறாள். அடுத்த நொடி, தான் எதை நினைத்து நிம்மதிப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கியது. இப்படி ஒருத்தி தனக்குள் இருப்பாள் என்று ஐம்பத்தாறு வயதுவரை அவளுக்குத் தெரியாது. அவளைக் கண்டு டொரதிக்குப் பயமாக இருந்தது.

கிளினிக்கில் ஞானேஸ்வரி முகக்கவசத்தோடு காத்திருந்தார். அறை முழுக்கக் கிருமிநாசினி நெடி. தொப்பியை மேசையில் கிடத்திக் கண்ணில் வெளிச்சம் அடித்தார். காதைக் கிள்ளினார். தொப்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நாளென்றால் இந்த மேசையில் அதைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும்.

"கேக்கில என்னென்ன கிடந்தது?"

"பேக்கிங் பவுடர் கூடிப்போச்சாம் டொக்டர்," றலியா முந்திக்கொண்டாள். "அக்கா எங்களுக்குன்டே தனியாச் செய்ற கேக். வேற ஒண்டும் அதில ஈக்காது."

"எவ்வளவு கூட?" டொக்டர் டொரதியைப் பார்த்தார்.

"ரெண்டு... ரெண்டு கரண்டி இருக்கும்."

"முந்திரிகை வத்தல், அந்த பிளம்ஸ், போட்டதோ?"

"போட்டேன். நிறைய."

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "பேக்கிங் பவுடரும் பூனைக்கு விசம்தான், ரத்தத்தில உப்புக் கணக்கைக் குழப்பிப்போடும். வத்தல் வேற. தின்டு ரெண்டு மணித்தியாலம் ஆகேல்லை எண்டபடியா சத்தி எடுக்கப் பண்ணித் தின்டதை வெளியில எடுத்துப் பாப்பம். இந்த ஊசி போட்டா அஞ்சு பத்து நிமிசத்தில சத்தி எடுக்கும். மயங்கிப் படுக்கும், பயப்படாதேங்கோ."

அவர் மருந்துக் குப்பியில் ஊசியைக் குத்தி இழுத்தார். றலியா தொப்பியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மயக்கமும் வருமா?" என்று டொரதி கேட்டாள்.

"ஓம். இது மயக்க மருந்துதான். பூனைக்கு சத்தியும் வரப்பண்ணும்."

"ஏற்கனவே... ஏற்கனவே மயக்கத்துல இருந்தா?"

டொக்டரின் கை நின்றது. "ஏன் கேக்கிறியள்?"

றலியாவும் திரும்பினாள். அவள் முகத்தில் பூனைக்கான பயம் மட்டும்தான் இருந்தது. டொரதி அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இனி அது தன்னை இப்படிப் பார்க்காது.

"பிராண்டி டொக்டர். கேக்குல பிராண்டி இருக்கு. பேக்கிங் பவுடரெல்லாம் பொய்யி. என் வீட்டுக்காரர் தெரியாம இந்தத் தட்டுக்கும் பூசிட்டாரு. வாசம் எசன்ஸ் இல்ல. பிராண்டிதான்."

டொக்டர் ஊசியை அப்படியே தட்டில் வைத்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்து, குனிந்து தொப்பியின் வாயை மோந்தார்.

"உங்களுக்கு என்ன விசரோ? இதைப் போட்டிருந்தா மூச்சு நிண்டிருக்கும். இல்லாட்டி சத்தி நுரையீரலுக்குள்ள போயிருக்கும். வெளியில நில்லுங்கோ, ரெண்டு பேரும்."

வெளியே சுவரோரம் ஒரு வாங்கு இருந்தது. றலியா அதன் ஒரு நுனியில் உட்கார்ந்தாள். டொரதி உட்காரவில்லை. கதவு இடைவெளியில் டொக்டரும் உதவியாளும் சேலைன் ஏற்றுவதும், சீனி அளவு பார்ப்பதும், சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பூனையோடு அணைத்து வைப்பதும் தெரிந்தது.

"எப்ப தெரியும் அக்கா உங்களுக்கு?"

"பத்து மணிக்கு. அவர் சொன்னாரு. அதான் ஓடியாந்தேன்."

"ஆட்டோல நான் வாசம் கேட்டப்ப?"

"தெரியும்."

"டொக்டர் எத்தன கரண்டின்டு கேட்டப்ப?"

டொரதி கதவு இடைவெளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மத்த வருஷமெல்லாம்?" றலியாவின் குரல் உள்ளே போய்விட்டது. "எங்கட மாமி மவுத்தாக முந்தி கடைசி மூணு வருஷமும் உங்கட கேக்கைத் தின்னாங்க. அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க அக்கா. அதுகள்ல?"

"இல்ல றலியா. மாதா மேல சத்தியமா இல்ல. அலுமாரியில பூட்டி வெப்பேன், அவர் கை படாது. இந்த ஒரு வருஷம்தான் எறும்புக்காக..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தியம் எவ்வளவு மெலிந்தது என்று டொரதிக்குத் தெரிந்தது. காலை பத்திலிருந்து மூன்று பொய் சொன்ன வாய் அது. அதே வாயால் இப்போது உண்மை சொன்னால் யார் எடுத்துக்கொள்வார்கள்?

றலியா துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க அக்கா. நான் இங்க ஈக்கிறன்."

பகல் திரும்பியபின் டொக்டர் வெளியே வந்தார். மயக்கம் மெல்லத் தெளிகிறது, மதுவால் உயிருக்கு வந்த ஆபத்து கடந்துவிட்டது போலிருக்கிறது என்றார். திராட்சை விஷயம்தான் மிச்சம். நாய்களை அது கொல்லும் என்பது உறுதி. பூனைகளில் அவ்வளவு உறுதியாக யாரும் சொல்லவில்லை, இதுவரை தின்றது ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் இதை வைத்துச் சூதாட முடியாது. மூன்று நாள் வைத்துப் பார்த்து, வியாழக்கிழமை ரத்தம் சோதித்தால்தான் சிறுநீரகம் பிழைத்ததா என்று தெரியும். "இனிமேல் ஆசைப்படுது எண்டு கண்டதையும் போடாதேங்கோ. பூனைக்கு ஆசை இருக்கும், அதைச் செரிக்கிற ஈரல் இல்லை" என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். டொரதி பஸ் ஏறித் தனியாக வீட்டுக்கு வந்தாள்.

அந்த மூன்று நாளும் டொரதிக்குச் சோறு இறங்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தால் நெஞ்சு திக்கென்றது, திறக்காவிட்டால் இன்னும் திக்கென்றது. செவ்வாய்க்கிழமை மனுவேல் துணிந்து போய் ரஸீனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"கோவப்பட்டாரா?"

"இல்ல. பரவாயில்ல அண்ணன், தெரியாம நடந்ததுதானேன்னாரு. மரியாதையாத்தான் பேசினாரு." மனுவேல் சட்டைப் பொத்தானைத் திருகினார். "கேட்டைத் திறக்கல. அப்பிடியே நின்னு பேசினாரு."

திட்டியிருந்தால் தேவலை என்று டொரதி நினைத்தாள். பதினொரு வருஷத்தில் அந்தக் கேட் அவர்களுக்கு மூடியிருந்ததே இல்லை. அவள் றலியாவுக்குத் தெரியாமல் நாளுக்கு இரண்டு தடவை டொக்டருக்குப் போன் போட்டாள். "சாப்பிடுது, சிறுநீரும் போகுது. ஆனா வியாழக்கிழமைதான் சொல்லலாம்" என்று டொக்டர் அலுக்காமல் சொன்னார். புதன் இரவுப் பூசையில் குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்று, பாலன் இயேசுவிடம் ஒரு பூனையின் சிறுநீரகத்துக்காக மன்றாடியவள் அந்தக் கோவிலில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சிரிப்புக்குரிய காரியம்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூனை செத்தால் அந்த வீட்டோடு இருக்கிற உறவும் செத்துப்போகும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

வியாழக்கிழமை, கிறிஸ்மஸ் அன்று, பதினொரு மணிக்கு டொரதி வீட்டுக் கேட் திறந்தது. றலியா கூடையோடு நின்றாள். கூடைக்குள்ளிருந்து தொப்பி, தன்னை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்ற குறையோடு கத்தியது.

"கிட்னி ரெண்டும் நல்லா ஈக்காம். இப்பதான் டொக்டர் சொன்னார்."

டொரதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்தச் சிந்த அழுதாள். மனுவேல் பின்னால் வந்து நின்றவர், என்ன செய்வதென்று தெரியாமல் கூடையை வாங்கிக்கொண்டார்.

"வியாழனும் நோன்பு பிடிப்பீங்களே" என்றாள் டொரதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. வேறு எதைச் சொல்ல?

"இன்டக்கிப் பிடிக்கல்ல. உங்கட வீட்டுக்கு வரணும்டுதான் பிடிக்கல்ல." றலியா உள்ளே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்களோட எனக்குக் கோவமில்ல. கோவமாயிருந்தா நான் நல்லாத் தூங்கியிருப்பன். எனக்குப் பயமா ஈக்கி. இந்த வீட்ல இருந்து வந்த ஒண்டையும் நான் ஒரு நாளும் மோந்து பார்த்ததில்ல. திகனப் பிரச்சினை நேரம் நீங்க இருட்டுல குடுத்த சோத்தையும் என்ன கறிண்டு கேக்காமத் தின்னன். இனி மோந்து பார்ப்பனோண்டு பயமா ஈக்கி."

டொரதி மன்னிப்பு என்ற சொல்லை மூன்று நாளாக நூறு தடவை சொல்லிப் பழகியிருந்தாள். இந்தப் பேச்சுக்கு முன்னால் அதற்கு வேலையே இருக்கவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டாள். றலியா குடிக்கிற மாதிரியே, சாயம் கடுப்பாக, இஞ்சி தட்டி, சீனி இரண்டு கரண்டி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

றலியா கோப்பையை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டுக்கு முன்னால் கோப்பை ஒரு கணம் நின்றது. அவளுடைய மூக்கு லேசாக அசைந்தது.

டொரதி அதைப் பார்த்தாள். டொரதி பார்த்ததை றலியாவும் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் கண் நிறைந்தது. அந்தப் பூனை செத்திருந்தால்கூட டொரதிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

றலியா கண்ணை மூடிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க இருந்த தேநீரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு பொசுங்கியிருக்கவேண்டும். கண்ணில் தண்ணீரோடு கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா" என்றாள்.

டொரதி கோப்பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தேயிலை டப்பாவைத் திறந்து, முதலில் தானே ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.